ஏழரை விழுக்காட்டுக்கு யார் பொறுப்பு?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், 28 நாட்களுக்குக் குறைவாகத் தங்குவோருக்கு ஒரு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ கட்டணத்துக்கு விடும்போது, அந்த முன்பதிவுக்காகப் பெறப்படும் மொத்தத் தொகையில் 7.5 விழுக்காடு மாநில அரசுக்கு வரியாகச் செலுத்தப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டின் குறுகியகாலத் தங்கல் வரிச் சட்டத்தின் கீழ் விதிக்கப்படும் இந்த வரியை மாநில வருவாய் அலுவலகம் வசூலிக்கிறது; வருமான வரியை வசூலிக்கும் ஆஸ்திரேலிய வரி அலுவலகத்துக்கோ, வீட்டுக்கு ஆண்டுதோறும் தீர்வை விதிக்கும் நகராட்சி மன்றத்துக்கோ இதில் பங்கில்லை. மூன்று அமைப்புகளும் மூன்று தனித்தனிச் சட்டங்களின் கீழ் இயங்குகின்றன என்பதையும், ஒன்றிடம் கணக்கு முடித்துவிட்டால் மற்ற இரண்டிடமும் முடித்ததாக ஆகாது என்பதையும் முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. விருந்தினருக்கு வீடு விடுவோருக்கு நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனியாமல் விடுவதிலிருந்தே தொடங்குகின்றன.

இவ்வரி மாநில அரசின் வீட்டுவசதி அறிக்கையிலிருந்து பிறந்தது. அன்றைய முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் 2023 செப்டம்பர் 20 அன்று அந்த அறிக்கையை வெளியிட்டபோது, மாநிலத்தில் 36,000க்கும் அதிகமான குறுகியகாலத் தங்குமிடங்கள் இருப்பதாகவும், அவற்றில் 29,000க்கும் மேற்பட்டவை முழு வீடுகள் என்றும் அரசு கூறியது. நிரந்தரமாகக் குடியிருக்க வீடு தேடுவோருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வீடுகள் பயணியருக்குத் திருப்பிவிடப்படுகின்றன என்பது அரசின் வாதம். வரியாகத் திரளும் பணம், சமூக வீடுகளையும் எளியோருக்குக் கட்டுப்படியாகும் வீடுகளையும் அமைக்கும் ஹோம்ஸ் விக்டோரியா என்ற அமைப்புக்குச் செல்கிறது. அதில் 25 விழுக்காடு மெல்போர்னுக்கு வெளியேயுள்ள வட்டாரங்களில் செலவிடப்பட வேண்டும். ஏழரை விழுக்காடு விலை கூடுவதால் மட்டும் ஒரு வீடு விருந்தினரிடமிருந்து வாடகைக் குடும்பத்துக்கு மாறிவிடுமா என்பது ஐயத்துக்குரியதே. ஆயினும் வரியின் நோக்கம் நிறைவேறுமா என்பது ஒரு கேள்வி, வரியைச் செலுத்தும் கடமை யாருடையது என்பது வேறொரு கேள்வி.

டார்னெய்ட் போன்ற ஒரு புறநகரில் இந்த இரண்டாவது கேள்வி தனிப்பட்ட முறையில் எழுகிறது. மெல்போர்னின் மேற்கே விண்டம் நகராட்சிக்குள் அமைந்த இவ்வூரில் 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதே 56,000க்கும் அதிகமானோர் வசித்தனர். 2015 ஜூனில் ஜீலாங் தடத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டபின் வேகமாக வளர்ந்த இங்கு பஞ்சாபி, தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்கள் அருகருகே குடியிருக்கின்றன. இது கடற்கரையோ மலைவாசத்தலமோ அன்று. இங்கே குறுகிய காலத்துக்கு இடம் தேடுவோர் பெரும்பாலும் உல்லாசப் பயணியராக இருப்பதில்லை. மகளின் பிரசவத்துக்கு உதவியாகக் கோயம்புத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் பெற்றோர், மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு வரும் குடும்பம், மஞ்சள் நீராட்டு விழாவுக்கோ திருமணத்துக்கோ சிட்னியிலிருந்து வண்டியில் வந்திறங்கும் உறவினர், புதிதாகக் குடியேறி வாடகை வீடு கிடைக்கும்வரை இரண்டு மூன்று வாரம் எங்கேனும் இருக்கவேண்டிய தம்பதியர் என்று அவர்கள் பல வகையினர். இவர்களில் பலர் ஏர்பிஎன்பி போன்ற தளத்தைத் திறப்பதற்கு முன்பே, ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டு, அங்கேயே இடத்தையும் பேசி முடித்துவிடுகின்றனர். நம்பிக்கையும் மொழியும் சாப்பாட்டு வழக்கமும் ஒத்துப்போவதால் இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருக்கிறது; வரிப் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் மேல் இறங்குவதும் இந்த ஏற்பாட்டில்தான்.

சட்டத்தின் அமைப்பு இதுதான். முன்பதிவு ஓர் இணையத் தளத்தின் வழியாக நடந்து, பணமும் அதன் வழியாகவே செலுத்தப்பட்டால், வரியைக் கணக்கிட்டு அரசுக்குச் செலுத்தும் கடமை அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துடையது. தளத்தின் துணையின்றி, தொலைபேசியிலோ சொந்த இணையப் பக்கத்திலோ முகநூல் செய்தியிலோ வாட்ஸ்ஆப்பிலோ முன்பதிவை நேரடியாக ஏற்றால், அந்தக் கடமை வீட்டின் உரிமையாளருடையது. வாடகைக்குக் குடியிருப்பவரே தான் எடுத்த வீட்டைப் பிறருக்கு விட்டிருந்தால், அந்த வாடகைதாரருடையது. ஆகவே ஒரே வீட்டை ஒரே மாதத்தில் முதல் வாரம் தளத்தின் வழியாகவும் மூன்றாம் வாரம் நண்பரின் நண்பருக்கு நேரடியாகவும் விட்டவர், முதல் முன்பதிவுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, இரண்டாவது முன்பதிவுக்கு மட்டும் தாமே வரி செலுத்த வேண்டும். “வரியெல்லாம் ஏர்பிஎன்பி பார்த்துக்கொள்ளும்” என்று பரவலாகச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. வரியை விருந்தினரிடமிருந்து பெற்றுக்கொள்வதா, தம் வருவாயிலிருந்தே கொடுப்பதா என்பது வீட்டுக்காரரின் வணிக முடிவு; விருந்தினர் தர மறுத்தார் என்பது அரசிடம் சொல்லக்கூடிய காரணம் ஆகாது.

எந்தத் தொகையின் மேல் வரி என்பதிலும் தவறு நேர்கிறது. டார்னெய்டில் ஓர் உரிமையாளர் தமது இரண்டாவது வீட்டை நான்கு இரவுக்கு, இரவுக்கு 180 டாலர் வீதம் ஒரு குடும்பத்துக்கு விட்டு, துப்புரவுக்கென்று தனியாக 80 டாலர் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், பலரும் 720 டாலருக்கு மட்டும் வரியைக் கணக்கிட்டு 54 டாலர் என்பர். சட்டமோ முன்பதிவுக்காகச் செலுத்தப்படும் மொத்தத் தொகையைப் பார்க்கிறது. துப்புரவுக் கட்டணம் அதில் அடங்கும். வரிக்குரிய தொகை 800 டாலர், வரி 60 டாலர். ஆறு டாலர் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆண்டுக்கு முப்பது முன்பதிவு வந்தால் அது 180 டாலராகும், மேலும் கணக்கே தவறான அடிப்படையில் எழுதப்பட்டது என்ற குறிப்பு கோப்பில் ஏறும். முன்பதிவு ரத்தாகிப் பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டால் வரி இல்லை. ஒரு பகுதியை வீட்டுக்காரர் வைத்துக்கொண்டால் அந்தப் பகுதிக்கு வரி உண்டு.

விலையை அறிவிக்கும் முறைக்கும் ஒரு விதி இருக்கிறது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, வணிகமாக ஒரு சேவையை விற்பவர் கட்டாயமாகச் சேரும் வரிகளையும் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஒரே மொத்த விலையைத் தெளிவாகக் காட்ட வேண்டும். வாட்ஸ்ஆப் அறிவிப்பில் “இரவுக்கு 180, மூன்று படுக்கையறை, ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம்” என்று போட்டுவிட்டு, விருந்தினர் பெட்டியுடன் வாசலில் நிற்கும்போது துப்புரவுக்கும் வரிக்கும் தனித்தனியாகக் கேட்பது மனக்கசப்பை மட்டுமன்றிச் சட்டச் சிக்கலையும் தரும்.

நேரடி முன்பதிவு பெறுவோர் மாநில வருவாய் அலுவலகத்தின் இணையச் சேவையில் பெயரைப் பதிவு செய்து, கணக்கு அறிக்கை தாக்கல் செய்து, வரியைச் செலுத்த வேண்டும். ஆண்டு முன்பதிவு வருவாய் 75,000 டாலருக்குக் குறைவாக உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் கணக்குக் காட்டுகின்றனர். காலம் முடிந்தபின் 30 நாட்களுக்குள் அறிக்கையும் பணமும் போய்ச் சேர வேண்டும். டார்னெய்டில் ஒரு வீட்டை விடுவோர் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு வகையினராகவே இருப்பர். இங்கே கவனிக்க வேண்டியது, இந்த வரியின் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வருமான வரியின் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. ஜூலை மாதம் கணக்காளரிடம் காகிதங்களைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு ஜனவரி 30 நினைவுக்கு வருவதில்லை; பலர் அந்த நேரத்தில் ஊருக்குப் போயிருப்பர். முன்பதிவு நாள், தங்கிய நாட்கள், பெற்ற தொகை, எந்த வழியாக வந்தது என்ற நான்கு பத்திகள் கொண்ட ஓர் எளிய பதிவேடு இரண்டு கணக்குகளுக்கும் போதுமானது. ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்ஆப் உரையாடலும் வங்கிக் கணக்கு விவரமும் ஆவணங்களே.

வரியிலிருந்து விலக்குப் பெறும் நிலைகளும் உள்ளன. கட்டணம் வாங்காமல் உறவினரைத் தங்கவைப்பதற்கு வரி இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். வரி கட்டணத்தின் மேல் விழுவது, விருந்தோம்பலின் மேல் அன்று. 28 நாட்களோ அதற்கு மேலோ நீளும் தங்கலும், ஓட்டல், மோட்டல், விடுதி போன்ற வணிகத் தங்குமிடங்களும் இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. இவற்றுள் முக்கியமானது முதன்மை வசிப்பிட விலக்கு. உரிமையாளரோ வாடகைதாரரோ தாம் நிலையாக வாழும் வீட்டின் ஓர் அறையை விருந்தினருக்கு விட்டாலும், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நாட்களில் அந்த வீட்டையே விட்டுச் சென்றாலும் இந்த 7.5 விழுக்காடு கிடையாது. தளத்தில் வீட்டைப் பட்டியலிடும்போது அது முதன்மை வசிப்பிடமா என்று தளங்கள் கேட்கின்றன. அதற்கு உண்மையாகப் பதில் சொல்லாதவருக்கு இரண்டு வகையிலும் இழப்பு. விலக்கு உண்டு என்பதைக் குறிக்கத் தவறினால் விருந்தினர் தேவையின்றி வரி கட்டுவர். இல்லாத விலக்கைக் கோரினால் வீட்டுக்காரர் பொய்யான தகவல் தந்தவர் ஆவார். பாயிண்ட் குக்கில் குடியிருந்துகொண்டு டார்னெய்டில் முதலீட்டுக்காக வாங்கிய வீட்டை “எங்கள் வீடுதான்” என்று குறிப்பது உரிமை அளவில் சரி, விலக்கின் பொருளில் தவறு. மூன்று வாரத் தங்கலுக்கு 30 நாள் என்று தாளில் எழுதி வைத்துக்கொள்வதும் அப்படித்தான். வங்கிக்கு வந்த பணமும் விமானச் சீட்டும் வேறு கதை சொல்லும்.

விலக்கைப் பற்றிப் பேசும்போது நேரும் மிகப் பெரிய தவறு, ஒரு வரியிலிருந்து கிடைத்த விலக்கை எல்லா வரிகளுக்கும் நீட்டிக்கொள்வது. தம் வீட்டின் ஓர் அறையை விடுபவருக்கு மாநிலத் தங்கல் வரி இல்லை. அந்த அறையிலிருந்து வரும் பணம் வருமான வரிக்கு உட்பட்டதே, தொகை எவ்வளவு சிறியதாயினும் வருமான அறிக்கையில் காட்டப்பட வேண்டும். 2023 ஜூலை 1 முதல் பகிர்வுப் பொருளாதார அறிக்கை முறை என்ற ஏற்பாட்டின் கீழ், குறுகியகாலத் தங்குமிடத் தளங்கள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பெற்ற தொகையை ஆண்டுக்கு இருமுறை ஆஸ்திரேலிய வரி அலுவலகத்துக்குத் தெரிவிக்கின்றன. அறிக்கையில் காட்டாத தொகையை அலுவலகம் ஏற்கெனவே அறிந்திருக்கும் வாய்ப்பே அதிகம். வாழும் வீட்டின் வாடகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் செலவுகளின் மேல் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறவும் முடியாது.

வருமானத்துக்கு எதிராகக் கழித்துக்கொள்ளக்கூடிய செலவு, விடப்பட்ட இடத்தின் பரப்புக்கும் விடப்பட்ட காலத்துக்கும் ஏற்பவே அனுமதிக்கப்படும். 200 சதுர மீட்டர் வீட்டில் விருந்தினர் அறை 20 சதுர மீட்டர், சமையலறையும் கூடமும் சேர்ந்து இரு தரப்பும் புழங்கும் இடம் 60 சதுர மீட்டர் என்றால், அறை முழுவதையும் பொது இடத்தில் பாதியையும் சேர்த்து 50 சதுர மீட்டர், அதாவது வீட்டின் நான்கில் ஒரு பங்கு கணக்கில் வரும். அதுவும் விருந்தினர் இருந்த நாட்களுக்கு மட்டும். ஆள் இல்லாத மாதங்களில் அந்த அறையில் தையல் இயந்திரத்தையும் பழைய பெட்டிகளையும் வைத்திருந்தால், அந்த மாதங்களின் மின்கட்டணத்திலும் வங்கி வட்டியிலும் பங்கு கேட்க முடியாது.

பலரும் ஆண்டுகள் கழிந்தபின், வீட்டை விற்கும்போதே அறியவரும் விளைவு ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. சொந்தமாகக் குடியிருந்த வீட்டை விற்றுக் கிடைக்கும் இலாபத்துக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. அந்த வீட்டின் ஒரு பகுதியை வருமானம் ஈட்டப் பயன்படுத்தியிருந்தால், அந்தப் பரப்புக்கும் காலத்துக்கும் உரிய பங்கில் விலக்கு குறைகிறது. வாரக் கடைசிகளில் இரவுக்கு 70 டாலருக்கு விடப்பட்ட ஓர் அறை, பத்தாண்டு கழித்துப் பெரிய இலாபத்தில் விற்கப்படும் வீட்டின் வரியில் வந்து நிற்கக்கூடும். அறையை விடத் தொடங்குமுன் இதைக் கணக்காளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் செலவாகும் கட்டணம், இந்தத் துறையில் வீட்டுக்காரர் செய்யக்கூடிய செலவுகளிலெல்லாம் மிகவும் பயனுள்ளது.

மாநில நிலவரி தனி. முதன்மை வசிப்பிடத்துக்கு அந்த வரி இல்லை. தனி வாயிலுடன் ஒரு பகுதியைப் பிரித்து விட்டால் அந்த விலக்கும் ஓரளவு குறையக்கூடும். இரண்டாவது வீட்டுக்கோ, 2024 ஜனவரி முதல் வரிவரம்பு 3,00,000 டாலர் நில மதிப்பிலிருந்து 50,000 டாலருக்கு இறக்கப்பட்டுள்ளதால், டார்னெய்டின் சாதாரண மனைக்கும் நிலவரி உறுதி. 2025 முதல் மாநிலம் முழுவதற்கும் விரிக்கப்பட்ட காலி வீட்டு நிலவரியும் உண்டு: முந்தைய ஆண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்த வீட்டுக்கு, முதல் ஆண்டில் வீட்டின் மொத்த மதிப்பில் 1 விழுக்காடு, தொடர்ந்து காலியாக இருந்தால் 2, பிறகு 3 விழுக்காடு என அது ஏறுகிறது. குறுகியகால விருந்தினர் உண்மையாகவே தங்கிய நாட்கள் குடியிருப்பு நாட்களாகக் கணக்கில் சேரும். தளத்தில் பட்டியலிட்டிருந்தும் யாரும் வராத நாட்கள் சேரா.

வரியைத் தவிர, உரிமை சார்ந்த தடைகளும் முன்பே பார்க்கத்தக்கவை. வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இன்றி வீட்டையோ அறையையோ பிறருக்கு விட்டால், வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பைப் பெற நேரிடும். பொதுச் சுவரைப் பகிரும் வீடுகளும் அடுக்ககங்களும் உள்ள வளாகங்களில், உரிமையாளர் அனைவரும் சேர்ந்த கூட்டமைப்பு 75 விழுக்காடு வாக்குடன் தீர்மானம் நிறைவேற்றிக் குறுகியகாலத் தங்கலையே தடை செய்ய 2025 ஜனவரி முதல் சட்டம் இடம் தருகிறது. அங்கேயே நிலையாகக் குடியிருந்துகொண்டு விடுபவரை அத்தடை கட்டுப்படுத்தாது. ஒரு வீட்டின் அறைகளைத் தனித்தனியாக நாலு பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ குடியிருக்க விடும் ஏற்பாடு, குறிப்பாக மாணவருக்கு விடுவது, அறை விடுதி என்ற வேறு வகைக்குள் போய், நகராட்சியில் பதிவும் நடத்துநர் உரிமமும் தேவைப்படுவதாகிறது. வழக்கமான வீட்டுக் காப்பீடு, கட்டணம் தந்து தங்கிய விருந்தினரால் நேரும் சேதத்தை ஏற்காமல் போகலாம் என்பதால், காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்வது அவசியம். உள்ளாட்சி விதிகளும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. மெல்போர்னின் தெற்கேயுள்ள மார்னிங்டன் தீபகற்ப மன்றம் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய வீடுகளை ஆண்டுதோறும் பதிவு செய்யக் கோருகிறது. அங்கே ஒரு கடற்கரை வீட்டை வைத்திருக்கும் டார்னெய்ட்காரர் இரண்டு ஒழுங்குகளையும் பின்பற்ற வேண்டும்.

சிட்னியில் உள்ள உறவினரின் அனுபவத்தை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறான வழிகாட்டுதலாகும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இரவுத் தங்கலின் மேல் இத்தகைய வரியை விதிக்காமல், பதிவையும் நாள் வரம்பையும் கையாள்கிறது: 2021 நவம்பர் முதல் குறுகியகால வாடகை வீடுகள் அரசுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும், வீட்டுக்காரர் உடன் இல்லாத வீட்டைப் பெருநகர் சிட்னியில் ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் விட இயலாது, பைரன் வட்டாரத்தின் பெரும்பகுதியில் அது 2024 செப்டம்பர் முதல் 60 நாட்கள். ஊரில் வீடு வைத்திருப்போருக்கு மற்றோர் ஒப்புமை உதவும். இந்தியாவில், பதிவுக்குரிய வருவாய் வரம்பை எட்டாத சிறிய தங்குமிடக்காரர் தளத்தின் வழியாக அறையை விடும்போது, ஜிஎஸ்டி செலுத்தும் கடமை அந்தத் தளத்தைச் சேர்கிறது. விக்டோரியச் சட்டம் வேறு வகையைச் சேர்ந்ததாயினும், சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்களைத் துரத்துவதைவிடப் பணம் கடந்துபோகும் ஒரே வாயிலில் நின்று வசூலிப்பது எளிது என்ற அதே நிர்வாக அறிவு இரண்டிலும் இயங்குகிறது. அந்த வாயிலைச் சுற்றிக்கொண்டு வரும் பணத்துக்கு இந்தியச் சட்டம் சிறியவர்களை வருவாய் வரம்பால் காப்பாற்றுகிறது. விக்டோரியச் சட்டம் அப்படி எந்த வரம்பையும் வைக்கவில்லை. 75,000 டாலர் என்பது கணக்குக் காட்டும் காலத்தை நிர்ணயிக்கும் எல்லைதானே தவிர, வரியிலிருந்து விலக்கும் எல்லை அன்று. ஆண்டுக்கு ஒரே ஒரு முன்பதிவை நேரடியாகப் பெற்றவருக்கும் கடமை அதே.

கடமை தவறியவருக்கு நேர்வது என்ன, மீளும் வழி என்ன என்பவற்றை எண்களோடு பார்ப்பது அச்சத்தைக் குறைக்கும். மேலே கண்ட 800 டாலர் முன்பதிவு ஆண்டுக்கு முப்பது முறை நேரடியாக வந்து, வரியே செலுத்தப்படவில்லை என்று கொண்டால், 24,000 டாலருக்கு உரிய வரி 1,800 டாலர். அதன்மேல் காலத்துக்கேற்ற வட்டியும் தண்ட வரியும் சேரும். போதிய கவனமின்மை காரணமெனில் தண்ட வரி 25 விழுக்காடு, அதாவது 450 டாலர். வேண்டுமென்றே மறைத்ததாகக் கண்டால் 75 விழுக்காடு, அதாவது 1,350 டாலர். அலுவலகம் விசாரணை தொடங்குமுன் வீட்டுக்காரர் தாமே முன்வந்து முழு விவரத்தையும் தெரிவித்தால் தண்ட வரியில் 80 விழுக்காடு குறைக்கப்படும். 450 டாலர் 90 டாலராகிவிடும். விசாரணை தொடங்கியபின் ஒப்புக்கொண்டால் குறைப்பு 20 விழுக்காடு மட்டுமே. 2025ஆம் ஆண்டில் நேரடியாக விருந்தினரை ஏற்று, வரியைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுபவர் செய்யத்தக்கது தெளிவானது. ஒரே தவணையில் செலுத்த இயலாதவர் தவணை முறையைக் கேட்கலாம்.

அலுவலகமே தவறு செய்யும் நிலையும் உண்டு. முதன்மை வசிப்பிடத்துக்கு வரி மதிப்பீட்டு அறிவிப்பு வந்தாலோ, தளம் ஏற்கெனவே செலுத்திய முன்பதிவுக்கு மீண்டும் கேட்கப்பட்டாலோ, அறிவிப்புக் கிடைத்த 60 நாட்களுக்குள் காரணங்களை விளக்கி எழுத்தில் ஆட்சேபணை தாக்கல் செய்யும் உரிமை வரி செலுத்துவோருக்கு உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. மதிப்பீடு தவறு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆட்சேபிப்பவருடையது என்பதால், ஓட்டுநர் உரிமத்தின் முகவரி, வாக்காளர் பதிவு, மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு போன்றவை அந்த வீட்டில் உண்மையாகவே வாழ்ந்ததற்குச் சான்றாக உதவும். ஆட்சேபணை நிலுவையில் இருப்பதால் மட்டும் வரியைச் செலுத்தும் கடமை நின்றுவிடாது. வென்றால் பணம் திரும்பி வரும். ஆட்சேபணையின் முடிவு ஏற்புடையதாக இல்லையெனில் விசிஏடி எனப்படும் விக்டோரியக் குடியியல், நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம். கூடுதலாகச் செலுத்திய வரியை ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பக் கேட்கலாம்.

உதவி தேடும்போது இரண்டு எச்சரிக்கைகள். கட்டணம் வாங்கிக்கொண்டு வரி ஆலோசனை தருபவர் வரித் தொழிலர் வாரியத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வாரியத்தின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். குழுவில் எல்லோருக்கும் ரிட்டர்ன் போட்டுத் தருகிறார் என்பது தகுதி ஆகாது. இரண்டாவது, வரி அலுவலகத்தின் பெயரில் இணைப்புடன் வரும் குறுஞ்செய்தியைத் திறந்து வங்கி விவரம் கொடுக்கக் கூடாது. உண்மையான நிலுவை இருக்கிறதா என்பதை, செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், அலுவலகத்தின் இணையச் சேவையில் தாமே நுழைந்து பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் மூத்த வீட்டுக்காரருக்கு இந்த நடைமுறை எட்டாததன்று. 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லி, மாநில வருவாய் அலுவலகத்துடனோ ஆஸ்திரேலிய வரி அலுவலகத்துடனோ இணைக்கச் சொல்லலாம். ஐயமான நிலை எதுவாயினும், பின்புறத் தனிக் குடிலை விடுவதாக இருந்தாலும், ஊருக்குப் போகும் மூன்று மாதத்துக்கு வீட்டை விடுவதாக இருந்தாலும், முதல் விருந்தினரை ஏற்குமுன் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்று, அதைப் பதிவேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.